கெவ்லரும் கோப்ளின் கத்தியும்: வாள் உலகத்து விளையாட்டில் துப்பாக்கியைச் சேர்ப்பது எப்படி?

"மச்சான், நான் போட்டிருக்கிறது புல்லட் புரூஃப் ஜாக்கெட். துப்பாக்கிக் குண்டே நிக்கும். ஒரு கோப்ளினோட கத்தி எப்படிடா உள்ள போகும்?"

நாங்கள் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடும் மேசையில் ஒரு சனிக்கிழமை இரவு எழுந்த கேள்வி இது. கதையில் எங்கள் ஆட்கள் மலைக்காட்டுக்குள் விழுந்து கிடந்த ஒரு விண்கலத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். உள்ளே ஒரு கெவ்லர் அங்கி, ஒரு தானியங்கி ரைஃபிள், முப்பது தோட்டா. நண்பன் முதல் வேலையாக அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டான். அடுத்த அறையில் நான் ஒளித்து வைத்திருந்த கோப்ளின் என்ற குட்டிப் பூதம் மெல்லிய கத்தியோடு பாய்ந்தது. பகடையும் கூட்டலும் சேர்ந்து மொத்தம் 17. குத்து இறங்கியதா, இல்லையா? விதிப்புத்தகத்தில் கெவ்லர் என்ற சொல்லே கிடையாது. அரை மணி நேரம் ஆட்டம் நின்றுபோனது.

அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அதற்குப் பிறகு கவசங்களைப் பற்றியும் துப்பாக்கிகளைப் பற்றியும் தேடிப் படித்து, எங்கள் மேசைக்கென்று ஒரு விதியை உருவாக்கினேன். அதே சிக்கலில் நிற்கும் புதியவர்களுக்காக அதை அடியிலிருந்து சொல்கிறேன்.

இந்த விளையாட்டையே இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள் என்றால்: மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்கிறார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். அவர் உலகத்தை விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அந்த உலகத்தில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை முடிவு செய்கிறது. இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் தாய் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. வாள், வில், மந்திரம், டிராகன், இதுதான் அதன் உலகம்.

அந்த உலகத்துக்குள் துப்பாக்கி நுழைவது புதிதல்ல. 1979-ல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டிலேயே, 'பூட் ஹில்' என்ற கௌபாய் விளையாட்டின் பாத்திரங்களை வாள் உலகத்துக்கு மாற்றிக் கொண்டுவரும் விதிகள் இருந்தன. 1980-ல் வெளியான 'எக்ஸ்பெடிஷன் டு த பேரியர் பீக்ஸ்' என்ற சாகசத்தில், வீரர்கள் குகை என்று நினைத்து நுழையும் இடம் ஒரு விண்கலம். எங்கள் சனிக்கிழமைக் கதைக்கு விதை அங்கிருந்து வந்ததுதான்.

ஒரே எண்ணுக்குள் இரண்டு கேள்விகள்

முதலில் கவசம் இந்த விளையாட்டில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். இனி வரும் விளையாட்டு எண்கள், வேறு பெயர் சொல்லாத இடங்களில், 2014-ல் வெளியான ஐந்தாம் பதிப்பின் எண்கள்.

ஒவ்வொருவருக்கும் ஆர்மர் கிளாஸ் என்று ஓர் எண் உண்டு. தாக்குபவர் இருபது முகப் பகடையை உருட்டி, தன் திறமைக்கான எண்ணைக் கூட்டுகிறார். மொத்தம் எதிராளியின் ஆர்மர் கிளாஸை எட்டினால் அடி விழுந்தது, எட்டாவிட்டால் இல்லை. கவசமே இல்லாத சாதாரண ஆளுக்கு 10. தோல் கவசம் போட்டால் 11, சங்கிலிக் கவசத்துக்கு 16, உடல் முழுக்க மூடும் தகட்டுக் கவசத்துக்கு 18. கேடயம் பிடித்தால் கூட 2. கவசம் எடை குறைவாக இருந்தால், டெக்ஸ்டரிட்டி எனப்படும் சுறுசுறுப்பும் சேரும். அடி விழுந்த பிறகு வேறொரு பகடையை உருட்டிச் சேதத்தைக் கணக்கிட்டு, எதிராளியின் ஹிட் பாயின்ட்டில் கழிக்க வேண்டும். அது பூஜ்யமானால் ஆள் கீழே.

இப்போது இரண்டு பேரை அருகருகே நிறுத்திப் பாருங்கள். ஒருத்தி தோல் கவசம் போட்ட திருடி. சுறுசுறுப்புக்குக் கூடுதலாக 5, மொத்தம் 16. இன்னொருவன் சங்கிலிக் கவசம் போட்ட காவலன், அவனுக்கும் 16. எண் ஒன்றுதான். ஆனால் மொத்தம் 15 வந்து தாக்குதல் தவறும்போது, இருவருக்கும் நடப்பது ஒன்றல்ல. திருடி விலகிவிட்டாள், கத்தி அவள் மேல் படவே இல்லை. காவலன் மேல் கத்தி பட்டது, வளையங்கள் தடுத்துவிட்டன.

"பட்டதா?" என்பது ஒரு கேள்வி. "பட்டது உள்ளே போனதா?" என்பது இன்னொரு கேள்வி. ஆர்மர் கிளாஸ் இரண்டையும் ஒரே எண்ணில் சுருட்டி வைத்திருக்கிறது. வாளும் அம்பும் மட்டும் இருக்கும்வரை இதில் ஒரு குறையும் இல்லை. ஒரே உருட்டலில் முடிவு தெரிகிறது, ஆட்டம் வேகமாக ஓடுகிறது. துப்பாக்கி வந்ததும் அந்தச் சுருட்டல் பிரிகிறது. ரைஃபிள் குண்டு சங்கிலிக் கவசத்தைப் பொருட்படுத்துவதில்லை. திருடி 15-க்கு மட்டும்தான் இறங்குகிறாள். காவலன் சட்டென்று 10-க்கு இறங்கிவிடுகிறான். சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. துப்பாக்கிக்கு எத்தனை பகடை சேதம் கொடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் இதைத் தீர்க்க வேண்டும்.

வேறு விளையாட்டுகள் இதை முன்பே தனித்தனியாகப் பிரித்தன. 1978-ல் வந்த 'ரூன்குவெஸ்ட்'டில், அடி உடலின் எந்தப் பாகத்தில் விழுந்தது என்று பகடையில் பார்த்து, அந்தப் பாகத்தில் உள்ள கவசத்தின் அளவுக்குச் சேதத்தைக் கழிப்பார்கள். 1986-ல் வந்த 'கர்ப்ஸ்' விளையாட்டிலும் கவசம் என்பது சேதத்திலிருந்து கழியும் எண்தான். கற்காலத்திலிருந்து விண்வெளிக் காலம் வரை ஒரே விதியில் ஆடுவதற்காகவே செய்யப்பட்டது என்பதால், அதற்கு வேறு வழியும் இல்லை. 'பாத்ஃபைண்டர்' முதல் பதிப்புக்கு 2011-ல் வந்த துப்பாக்கி விதிகள் நடுவழியில் போயின. பழைய காலத் துப்பாக்கி கிட்டத்தில் சுட்டால், கவசத்தைக் கணக்கில் எடுக்காமல் 'டச் ஆர்மர் கிளாஸ்' என்ற தனி எண்ணுக்கு எதிராக உருட்ட வேண்டும். யோசனை நல்லதுதான். ஆனால் பெரிய டிராகனின் பாதுகாப்பு முழுக்க அதன் செதிலில் இருப்பதால், அதன் டச் எண் மிகவும் தாழ்ந்தது. துப்பாக்கிக்காரன் கண்ணை மூடிச் சுட்டாலும் டிராகன் மேல் படும் நிலை வந்தது. இந்தக் குறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தகட்டுக் கவசமும் துப்பாக்கியும் சமகாலத்தவை

"மாவீரர்கள் காலத்தில் துப்பாக்கி ஏது? கதையோடு ஒட்டாதே" என்று சிலர் தயங்குவார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. ஐரோப்பாவில் பீரங்கியின் முதல் ஓவியம் 1326-ஐச் சேர்ந்த ஓர் ஆங்கிலேயக் கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. விதிப்புத்தகத்தில் 18 என்ற எண்ணோடு நிற்கும், தலை முதல் கால் வரை மூட்டு வைத்த தகட்டுக் கவசம் முழுமை பெற்றது 15-ஆம் நூற்றாண்டில். வெடிமருந்துதான் மூத்தது. இரண்டும் ஒரே போர்க்களத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தன.

வளர்ந்த விதமும் நமக்குப் பாடம். துப்பாக்கி வலுவடைய வலுவடைய, கொல்லர்கள் மார்புத் தகட்டைத் தடிமனாக்கினார்கள். செய்து முடித்த கவசத்தின் மேல் தாங்களே சுட்டுப் பார்த்து, அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டு விற்றார்கள். வாங்குபவனுக்கு அந்தப் பள்ளம்தான் உத்தரவாத முத்திரை. ஜப்பானிலும் இதே வழக்கம் இருந்தது; குண்டு பட்ட தழும்போடு விற்ற கவசங்களுக்கு 'தமேஷி குசோகு' என்று பெயர், சோதித்த கவசம் என்று பொருள். தடிமன் கூடியதால் எடையும் கூடியது. எடையைக் குறைக்க முதலில் முழங்காலுக்குக் கீழே உள்ள தகடுகளை விட்டார்கள், பிறகு தொடை, பிறகு கை. கடைசியில் மார்பும் முதுகும் தலையும் மட்டும் மிஞ்சின. இன்றைய போர்வீரன் கவசம் போடுவதும் பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

அந்தக் காலத்துக் கவசம் குண்டைத் தடுத்ததா? சில சமயம் தடுத்தது, சில சமயம் இல்லை. இங்கிலாந்து உள்நாட்டுப் போரில், 1643 ஜூலை 13 அன்று ரவுண்ட்வே டவுன் என்ற இடத்தில் சர் ஆர்தர் ஹேசல்ரிக் என்ற நாடாளுமன்றப் படைத் தளபதியை எதிரிக் குதிரைப்படைக் கேப்டன் ரிச்சர்ட் அட்கின்ஸ் துரத்திப் பிடித்து, மிக நெருக்கத்தில் தலைக்கவசத்தின் மேல் பிஸ்டலால் சுட்டார். ஹேசல்ரிக் தள்ளாடினார், விழவில்லை. ஆள் உயிர் தப்பினார். இந்தச் செய்தியைக் கேட்ட அரசர் முதலாம் சார்லஸ், அவருக்குக் கோட்டை மாதிரி உணவும் சேர்த்து வைத்திருந்தால் முற்றுகையையே தாங்கியிருப்பார் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு.

மறுபக்கமும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் பல நூற்றாண்டுப் பழமையான ஆயுதக் கிடங்கு ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. 1980-களின் இறுதியில் அங்கிருந்த அசல் துப்பாக்கிகளை எடுத்து அளவுக் கருவிகளோடு சுட்டார்கள். குழலை விட்டு வெளியேறும் குண்டின் வேகம் சராசரியாக நொடிக்கு சுமார் 450 மீட்டர். 30 கிராம் ஈயக் குண்டுக்கு இந்த வேகம் இருந்தால் ஆற்றல் ஏறத்தாழ 3,000 ஜூல் வரும். வலிமையான ஆங்கிலேய நெடுவில்லின் அம்புக்கு நூற்றுச் சொச்சம் ஜூல்தான். மஸ்கட் எனப்படும் பழைய நீளத் துப்பாக்கியின் குண்டு 30 மீட்டரில் சில மில்லிமீட்டர் எஃகைத் துளைத்தது. பிஸ்டலுக்கு நிலைமை வேறு. 16-ஆம் நூற்றாண்டு மார்புத் தகடு ஒன்றின் மேல் கிட்டத்திலிருந்து சுட்டபோது, குண்டு தகட்டைத் துளைத்தும் அடியில் இருந்த துணியில் நின்றுவிட்டது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் விதிக்குத் தேவையான ஓர் உண்மை கிடைக்கிறது. ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு எதிராக ஒரு குறிப்பிட்ட கவசம் நிற்கும் அல்லது நிற்காது. 'கொஞ்சம் கொஞ்சமாக' உதவுவது குறைவு. அங்கே ஒரு வாசற்படி இருக்கிறது.

கெவ்லர் உண்மையில் என்ன செய்கிறது

1965-ல் டுபான்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் என்ற வேதியியலாளர், கார் டயருக்காக எடை குறைந்த உறுதியான இழை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் தயாரித்த கரைசல் தெளிவாகவும் கெட்டியாகவும் இல்லாமல், கலங்கலாக, தண்ணீர் மாதிரி இருந்தது. இழை இழுக்கும் இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டவர், துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று முதலில் மறுத்தார். விடாமல் கேட்டு இழுக்க வைத்தார். வந்த இழை, எடைக்கு எடை எஃகைப்போல் ஐந்து மடங்கு உறுதி. அதுதான் கெவ்லர்.

ஈயக் குண்டு கெவ்லர் துணி அடுக்குகளில் மோதும்போது முனை நசுங்கிக் காளான் மாதிரி விரிகிறது. விரிந்த குண்டை நிறைய இழைகள் ஒன்றாகச் சேர்ந்து பிடித்து, அதன் ஆற்றலைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்கின்றன. மீன் வலை பெரிய மீனை நிறுத்துகிற மாதிரி. மெல்லிய கத்தி முனை நசுங்காது, விரியாது. ஒரு சில இழைகளை மட்டும் விலக்கியும் அறுத்தும் உள்ளே போய்விடும். அதனால்தான் அமெரிக்காவில் குண்டுக்கு ஒரு தர நிர்ணயமும் கத்திக்குத்துக்கு வேறொரு தர நிர்ணயமும் வைத்திருக்கிறார்கள். குண்டைத் தடுக்கும் சாதாரண அங்கி கூர்முனைக் குத்தையும் தடுக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை.

ஆக, அந்த இரவில் கோப்ளின் பக்கம் நியாயம் இருந்தது.

இந்த விளையாட்டில் இதைக் கொண்டுவருவது சுலபம். வெட்டு, குத்து, மொத்து என்று சேதத்தை ஏற்கெனவே மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கெவ்லர் அங்கிக்கு வாள் வெட்டின் எதிரில் 13 கொடுங்கள். கத்தி, ஈட்டி, அம்பு முனைக்கு எதிரில் 11 மட்டும். நண்பனின் பாத்திரத்துக்குச் சுறுசுறுப்பு கூடுதலாக 2. ஆக கோப்ளினுக்குத் தேவைப்பட்டது 13. வந்தது 17.

துணிக் கவசம் கைத்துப்பாக்கிக்கு மட்டும்தான். ரைஃபிள் குண்டுக்குக் கெட்டியான தகடு வேண்டும். இன்று அதைப் பெரும்பாலும் பீங்கான் இனத்தில் செய்கிறார்கள்: அலுமினா, சிலிக்கான் கார்பைடு, போரான் கார்பைடு. கடினமான பீங்கான் மோதிய குண்டையே உடைக்கிறது. பின்னால் ஒட்டியிருக்கும் இழை அடுக்கு அந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொள்கிறது. குண்டு பட்ட இடத்தில் பீங்கானும் நொறுங்கிப்போகும்.

அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் 2008-ல் வெளியிட்ட தரப்பட்டியலைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட உற்சாகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அது கிட்டத்தட்ட ஒரு விளையாட்டு விதி. 2ஏ, 2, 3ஏ, 3, 4 என்று ஐந்து நிலைகள். 3ஏ நிலை அங்கி .44 மேக்னம் கைத்துப்பாக்கி வரை தாங்க வேண்டும். 3-ஆம் நிலைத் தகடு நொடிக்கு 847 மீட்டர் வேகத்தில் வரும் 7.62 மில்லிமீட்டர் நேட்டோ ரைஃபிள் குண்டை ஆறு முறை தாங்க வேண்டும். 4-ஆம் நிலை, கவசம் துளைக்கும் ரைஃபிள் குண்டு ஒன்றைத் தாங்கினால் போதும். ஒரே ஒன்று. பீங்கான் அதற்கு மேல் தாங்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. 2023-ல் இந்தப் பட்டியலைப் புதுப்பித்து நிலைகளின் பெயர்களை மாற்றினார்கள், அடிப்படை அதேதான்.

அந்தச் சோதனையில் இன்னொரு பகுதி இருக்கிறது. அங்கியைக் களிமண் பலகையின் மேல் கட்டிச் சுடுகிறார்கள். குண்டு உள்ளே வராவிட்டாலும், களிமண்ணில் விழும் பள்ளத்தின் ஆழத்தை அளக்கிறார்கள். 44 மில்லிமீட்டரைத் தாண்டினால் அங்கி தோல்வி. ஏனென்றால் அங்கே இருக்கப்போவது களிமண் அல்ல, மனிதனின் விலா எலும்பு. நின்றுவிட்ட குண்டும் அடிக்கும்.

எங்கள் மேசை விதி

துப்பாக்கிகளுக்குத் 'துளைப்புத் தரம்', கவசங்களுக்குத் 'தடுப்புத் தரம்' என்று இரண்டு எண்கள் வைத்தோம். பழைய காலத்துப் பிஸ்டலுக்குத் துளைப்பு 1. மஸ்கட்டுக்கும் இன்றைய கைத்துப்பாக்கிக்கும் 2. ரைஃபிளுக்கு 3. கவசம் துளைக்கும் தோட்டா போட்ட ரைஃபிளுக்கு 4. கவசங்களில் தோலும் சங்கிலியும் பூஜ்யம். தகட்டுக் கவசம் 1. கொல்லர் சுட்டுச் சோதித்த தடித்த மார்புத் தகடும் கெவ்லர் அங்கியும் 2. பீங்கான் தகடு 3, அதிலும் கனமானது 4.

துப்பாக்கியால் சுடும்போது, எதிராளி எந்தக் கவசம் போட்டிருந்தாலும் 10-உடன் அவர் சுறுசுறுப்பை மட்டும் கூட்டி, அந்த எண்ணுக்கு எதிராக உருட்ட வேண்டும். இது "பட்டதா?" என்ற கேள்வி. பட்டால் தரங்களை ஒப்பிட வேண்டும். தடுப்பு துளைப்புக்குச் சமம் அல்லது அதிகம் என்றால் குண்டு நின்றுவிட்டது; சேதம் பாதி, அதுவும் குத்துச் சேதம் அல்ல, மொத்துச் சேதம். 44 மில்லிமீட்டர் பள்ளம் இங்கே வந்து உட்கார்கிறது. துளைப்பு அதிகம் என்றால் முழுச் சேதம். பகடையில் அச்சு அசலாக 20 விழுந்தால் குண்டு கவசம் மூடாத இடத்தில் பட்டது, தரம் பார்க்க வேண்டியதே இல்லை. பீங்கான் தகடு ஒவ்வொரு முறை குண்டை நிறுத்தும்போதும் அதன் தடுப்புத் தரத்தில் 1 குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் நிலை வீரன் ஒருவன். தாக்குதலுக்கு 5, சேதத்துக்கு 3 கூட்டிக்கொள்வான். எதிரில் தகட்டுக் கவசம் போட்ட நைட் எனப்படும் மாவீரன், ஆர்மர் கிளாஸ் 18, சுறுசுறுப்புக்கு ஒன்றும் இல்லை. பிஸ்டலின் சேதம் பத்து முகப் பகடை, 3 கூட்டினால் சராசரி 8.5. பழைய விதிப்படி 18-ஐ எட்டும் வாய்ப்பு 40 சதவீதம். ஒரு சுடுதலுக்குச் சராசரி 3.4. நம் விதிப்படி 10-ஐ எட்டும் வாய்ப்பு 80 சதவீதம், சேதம் பாதி. 20 விழும் தனிக் கணக்கை விட்டுவிட்டால் சராசரி அதே 3.4. அதாவது தகட்டுக் கவசத்துக்கு எதிரில் பிஸ்டலின் பலம் பெரிதாக மாறவில்லை, ஆட்டத்தின் சமநிலை கெடவில்லை. ஹேசல்ரிக் போலத் தள்ளாடும் நைட்தான் புதிதாகக் கிடைக்கிறான். இப்போது மஸ்கட். பன்னிரண்டு முகப் பகடை, சராசரி 9.5. பழைய விதியில் 3.8 வரும், நம் விதியில் கவசம் துளைபடுவதால் 7.6. சரியாக இரண்டு மடங்கு. மார்புத் தகட்டை ஏன் தடிமனாக்கினார்கள் என்பதை ஆடுபவர்கள் இனி தாங்களாகவே புரிந்துகொள்வார்கள். கடையில் போய் சோதித்த தகடு கேட்பார்கள்.

டிராகனை மறந்துவிடக் கூடாது. பாத்ஃபைண்டரில் வந்த குறை இங்கே வராமலிருக்க, செதில் உள்ள மிருகங்களுக்கும் தடுப்புத் தரம் கொடுத்துவிடுங்கள். வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு நான் 3 வைத்திருக்கிறேன். மஸ்கட் குண்டு படும், பாதிதான் வலிக்கும். அதற்கு 256 ஹிட் பாயின்ட் வேறு.

"52 ஹிட் பாயின்ட் உள்ள நைட்டை ஏழு முறை மஸ்கட்டால் சுட வேண்டுமா? உண்மையில் ஒரு குண்டு போதாதா?" என்று யாராவது கேட்பார்கள். ஹிட் பாயின்ட் என்பது சதை அல்ல. அதில் அதிர்ஷ்டமும் அனுபவமும் சேர்ந்திருக்கிறது என்று கைகாக்ஸே 1979 கையேட்டில் விளக்கியிருக்கிறார். வாள் வெட்டுக்கும் இதே கேள்வி பொருந்தும். நாலு ஹிட் பாயின்ட் உள்ள ஊர்க்காரனுக்கு ஒரு குண்டு போதும். கதையின் நாயகனுக்குக் கடைசிக் குண்டுதான் உடலில் இறங்குகிறது.

புத்தகத்தில் இருக்கும் துப்பாக்கி எண்களில் நான் மாற்றியது இரண்டு: தூரம், மறுபடி மருந்து கெட்டிக்கும் நேரம். டன்ஜன் மாஸ்டர் கையேட்டின்படி தானியங்கி ரைஃபிள் அதிகபட்சம் 240 அடி சுடும், நெடுவில் 600 அடி எய்யும். 240 அடி என்பது 73 மீட்டர். நிஜ எம்-16 ரைஃபிளுக்கு 550 மீட்டர் வரை குறி தப்பாது என்று கணக்கு. மேசையில் விரிக்கும் கட்டம் போட்ட வரைபடத்தில் ஒரு கட்டம் 5 அடி. 240 அடிக்கே 48 கட்டம் ஆகிவிடும். அடைந்த குகைக்குள் அந்த எண்ணை அப்படியே விடலாம். திறந்த வெளி என்றால் தாராளமாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வில் வைத்திருப்பவன் சிரிப்பான்.

மஸ்கட்டுக்குக் கடிவாளம் போடுவது அதன் சேதத்தில் அல்ல, நேரத்தில். நன்றாகப் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சுட்டான். ஆட்டத்தில் ஒரு சுற்று 6 நொடி. அப்படியானால் மறுபடி மருந்து கெட்டிக்க நாலைந்து சுற்று. புத்தகம் சுற்றுக்கு ஒரு முறை சுட விடுகிறது. நான் இரண்டு முழுச் சுற்று கேட்கிறேன். பெரும்பாலான சண்டைகள் நாலு சுற்றில் முடிந்துவிடும் என்பதால், மஸ்கட் ஒரு முறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறை முழங்கும், காத்திருக்க முடியாதவன் வாளை உருவ வேண்டியதுதான். எங்கள் ஆட்டத்தில் ஒருத்தி இடுப்பில் மூன்று பிஸ்டல் சொருகிக்கொண்டு வருகிறாள். அந்தக் காலத்துக் குதிரைப்படையினரும் சேணத்தில் ஜோடிப் பிஸ்டல் வைத்திருந்தார்கள். மழையில் திரி நனையும், சத்தம் குகை முழுக்கக் கேட்கும். இவற்றுக்குத் தனி விதி வேண்டாம், டிஎம்மின் வாய் போதும்.

எண்ணை விட ருசியான இடம்

புதுப் பொருட்களுக்கு ஆர்மர் கிளாஸ் எவ்வளவு என்று மட்டும் பேசி நிறுத்துபவர்கள் நல்ல பகுதியைத் தவறவிடுகிறார்கள். இந்த உலகத்தில் மந்திரம் இருக்கிறது. மந்திர விதிகளில் சில, கவசம் உலோகமா இல்லையா என்று கேட்கின்றன.

'ஹீட் மெட்டல்' மந்திரம் உலோகத்தைச் செந்தழலாக்கும். தகட்டுக் கவசம் போட்ட நைட்டுக்கு அது நரகம். பீங்கானையும் கெவ்லரையும் அது தொடாது. 'ஷாக்கிங் கிராஸ்ப்' மின்சாரம் உலோகக் கவசக்காரனை எளிதாகப் பிடிக்கும். கெவ்லர்காரன் அந்த வலையில் இல்லை. துருப்பூச்சி என்று ஒரு மிருகம் இரும்பைத் தின்று கவசத்தையே பொடியாக்கும். அது கெவ்லர் அங்கியை முகர்ந்துவிட்டுப் போய்விடும். ட்ரூயிட் எனப்படும் காட்டுத் துறவிகள் உலோகக் கவசம் அணிவதில்லை. அவர்களுக்கு இதுவரை இல்லாத கதவு ஒன்று திறக்கிறது. காட்டை வணங்கும் ஒருத்தி எண்ணெயிலிருந்து பிறந்த இழையை உடுத்துவாளா என்பது அந்தப் பாத்திரத்தை ஆடுபவர் முடிவு செய்ய வேண்டியது. எங்கள் மேசையில் அதைப் பேசியே ஒரு மாலை போனது.

இன்னொரு பொருள், மிக நீண்ட மூலக்கூறு கொண்ட பாலிஎத்திலீன் இழை. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வருகிறது. தண்ணீரைவிட எடை குறைவு, மிதக்கும். அதில் செய்த தகடு போட்ட வீரன் ஆற்றில் விழுந்தால், தகடு அவனைக் கீழே இழுக்காது. ஆனால் சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். எதிரில் ஃபயர்பால் வீசும் மந்திரவாதி இருந்தால்? நெருப்புச் சேதம் ஒரு முறை வாங்கினால் தடுப்புத் தரம் பூஜ்யம் என்று வைத்திருக்கிறேன். கெவ்லர் அப்படி உருகாது. 400 டிகிரிக்கு மேல்தான் சிதையத் தொடங்கும்.

டைட்டானியத்துக்குப் புது விதியே வேண்டாம். அதன் அடர்த்தி எஃகில் பாதிக்குக் கொஞ்சம் மேல். எடை குறைந்த அதிசய உலோகமான மித்ரலுக்குப் புத்தகத்தில் உள்ள விதியை, பலம் தேவையில்லை, பதுங்கும்போது தடங்கல் இல்லை என்பதை, அப்படியே எடுத்து ஒட்டலாம்.

மறு சனிக்கிழமை நண்பன் ஒரு வேலை செய்தான். குள்ளர் ஊருக்குப் போய், கொல்லனிடம் மெல்லிய சங்கிலிச் சட்டை ஒன்று வாங்கி, கெவ்லர் அங்கிக்கு அடியில் போட்டுக்கொண்டான். "குத்துக்கு வளையம், குண்டுக்குத் துணி. சரியா மச்சான்?" என்று கேட்டான். சரிதான். கத்திக்குத்தைத் தடுக்கும் இன்றைய பாதுகாப்பு அங்கிகள் சிலவற்றின் உள்ளே எஃகு வளையச் சங்கிலி இருக்கிறது. குத்துக்கு எதிரில் சங்கிலிச் சட்டைக்கு 13, சுறுசுறுப்புக்கு 2, மொத்தம் 15. இருபது ராத்தல் எடை கூடியதால் அவன் கயிற்றில் ஏறும்போது பகடையை இரண்டு முறை உருட்டி, குறைந்த எண்ணை எடுக்கச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே உருட்டினான். கயிற்றின் மேல் முனையில், அதே மெல்லிய கத்தியோடு, இன்னொரு கோப்ளின் காத்திருந்தது. இந்த முறை அதற்கு மொத்தம் 14.